14416: மனச்சோர்வுக்கு ஒரு போன் கால் எவ்வளவு தூரம் உதவும்?

மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது. 14416-க்கு ராத்திரி பகல் பாராமல் அழைக்கலாம், காசு கிடையாது. முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்.

அழைக்கும் முன் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை வாரமாக, தூக்கம், பசி, சாப்பிடும் மாத்திரைகள். சோர்வில் இருப்பவருக்குக் கேட்ட கேள்விக்கு வார்த்தை வராது. செத்துவிடலாம்போல் இருந்தால் முதல் வாக்கியமாக அதையே சொல்லிவிடுங்கள்.

குறை? வாராவாரம் ஒரே ஆலோசகருடன் உட்கார்ந்து செய்யும் சிகிச்சைக்கு இது மாற்றல்ல. அந்தச் சிகிச்சையில் தரும் வீட்டுப்பாடம்தான் முக்கியம்: செய்ததை மணிவாரியாக எழுதி, பக்கத்தில் மனநிலைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். பிறகு, மதிப்பெண் கூடிய வேலைகளை நேரம் குறித்துச் செய்வது. ‘தினம் ஒரு மணி நேரம் நடப்பேன்’ என்று ஆரம்பிப்பவர்கள்தான் சறுக்குகிறார்கள். செருப்பை மாட்டித் தெருமுனை வரை போய்வந்தாலே போதும். மூடு வரட்டும் என்று காத்திருந்தால் வராது; இந்த நோயில் வேலையைத் தொடங்கிய பிறகுதான் அது எட்டிப் பார்க்கும். மாத்திரையும் வேலை செய்யச் சில வாரம் எடுக்கும், நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.