மாட்டு டி.என்.ஏ. தடுப்பூசி ஆய்வில் ஒரு பிளாஸ்மிட் பிரித்தெடுப்பு கிட்

மாடுகளின் மூச்சுப்பாதையைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ்-1க்கு எதிரான டி.என்.ஏ. தடுப்பூசி (கிருமியின் மரபணுவையே உடலில் செலுத்தும் தடுப்பூசி) ஆய்வில், அவ்வைரஸின் மேற்பரப்புப் புரதமான கிளைக்கோபுரதம் டி-க்கான மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட்டை (பாக்டீரியாவுக்குள் தனியே பெருகும் வட்ட வடிவ டி.என்.ஏ.வை) ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுக்க இந்த கிட்டைப் பயன்படுத்தி வருகிறோம். ஈ.கோலையின் வெளிச்சவ்விலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சை நீக்கித் தருவதே இதன் முதன்மையான சிறப்பு. அந்த நச்சு கலந்திருந்தால் அதுவே அழற்சியைத் தூண்டிவிடும்; பிறகு மாட்டின் எதிர்ப்பாற்றல் தடுப்பூசியால் வந்ததா, மாசினால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது.

தூய்மையில் குறை காணவில்லை. 260, 280 நானோமீட்டர் ஒளியை மாதிரி உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280) ஒவ்வொரு முறையும், தூய டி.என்.ஏ.வுக்குரிய 1.8-ஐ ஒட்டியே இருந்தது. டி.என்.ஏ.வை அளவு, வடிவப்படி பிரித்துக் காட்டும் அகரோஸ் ஜெல்லில் முறுக்குண்ட பிளாஸ்மிட்டின் பட்டை தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் செல்களை உடைக்கும் கரைசலைச் சேர்த்தபின் குழாயைக் குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும் என்ற எச்சரிக்கை, செய்முறைத் தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அதைக் கவனியாமல் குலுக்கியதால், பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ. சிதறிக் கலந்து, எங்கள் முதல் தொகுதி முழுவதும் வீணாயிற்று. ஐசோபுரொப்பனால் என்ற ஆல்கஹாலில் படியும் டி.என்.ஏ. கண்ணாடிபோல் நிறமற்றிருப்பதால், மையவிலக்கியில் சுழற்றும் முன்பே, அது படியும் இடத்தைக் குழாயின் வெளிப்புறத்தில் அடையாளமிட்டுக்கொள்வது நல்லது.

எலிச் சோதனைக்கு இதில் கிடைக்கும் டி.என்.ஏ. அளவு தாராளம். மாடுகளுக்கோ மருந்தளவு பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் தேவைப்படுவதால், ஒரு சிறு மந்தைக்கே பல கிட்டுகள் கரைந்துவிடுகின்றன.