ஆப்பிரிக்கப் பயணம்: எந்த மலேரியா மாத்திரை?

காரைக்குடிப் பக்கம் கொண்டுவிக்க, அதாவது பிழைப்புக்காகக் கடல் கடந்து, போவது புதிதல்ல. வீட்டுத் தேக்குத் தூணே பர்மாக் கதை சொல்லும். இப்போதைய பிள்ளைகளுக்குக் கானாவின் அக்ரா, நைஜீரியாவின் லாகோஸ். ஆச்சி (எங்கள் பக்கம் அக்கா) மகன் இருபது நாள் வேலையாகக் கானா கிளம்பினான். பெட்டியில் சீடையும் மாவுருண்டையும் ஏறிவிட்டன. மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போட்டாயிற்று, அதற்கு அட்டை கேட்பார்களே! மலேரியாவுக்கு எவரும் அட்டை கேட்பதில்லை. அதனால் பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போதுதான், "எந்த மாத்திரை, அம்மான்?" என்றான்.

நம்மூரில் பழகிய குளோரோகுயின் அங்கே உதவாது. ஆப்பிரிக்காவில் மலேரியா தரும் பால்சிபாரம் கிருமி அதற்கு எப்போதோ பழகிவிட்டது.

மெஃப்ளோகுயின் வாரம் ஒன்றுதான், கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம். ஆனால் கிளம்ப இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். மனச்சோர்வு, வலிப்பு இருந்தவர்கள் தொடவே கூடாது. சிலருக்குக் கெட்ட கனவு வரும். நாலு நாளில் புறப்படுகிறவனுக்கு அந்தப் பேச்சே இல்லை.

மிச்சம் இரண்டு. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று, விலை மலிவு. வெயிலில் தோல் சிவந்து எரியும். தண்ணீர் நிறையக் குடிக்காமல் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். கர்ப்பிணிக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் ஆகாது. அட்டோவாகுவோன்-புரோகுவானில் விலை கூடியது. அதுவும் தினம் ஒன்று; சாப்பாட்டோடோ பாலோடோ போட வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு ஒத்துவராது.

இரண்டையும் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கினால் போதும். வித்தியாசம் திரும்பி வந்தபிறகுதான். டாக்ஸிசைக்ளின் இரத்தத்தில் இருக்கும் கிருமியைத்தான் பிடிக்கும். ஈரலில் பதுங்கியது வெளியே வரும்வரை, ஊருக்கு வந்தும் நாலு வாரம் விழுங்க வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவானில் ஈரலிலேயே தடுப்பதால் ஏழு நாள் போதும். இருபது நாள் பயணத்துக்கு, முன்னே இரண்டு நாளும் சேர்த்து, டாக்ஸிசைக்ளின் 50 மாத்திரை, மற்றது 29. ஆயா (பாட்டி) கையால் சாப்பிட்டு, கல்யாண வீடு நாலு சுற்றி வருகிறவன் இருபத்தெட்டு நாள் மறக்காமல் போடுவானா? நான் நம்பவில்லை. ஆறு மாதத் தங்கல் என்றால் காசுக்காக டாக்ஸிசைக்ளின்தான் சொல்லியிருப்பேன். இவனுக்கு விலை கூடியதே சரி என்றேன். மருத்துவரும் அதையே எழுதினார்.

எந்த மாத்திரையும் முழுக் கவசமல்ல. அனாபிலிஸ் கொசு பொழுது சாய்ந்தபின் விடியும்வரை கடிக்கும், அதனால் மருந்து தோய்த்த வலையும் பெட்டியில் போயிற்று. இடத்துக்காக ஒரு டப்பா முறுக்கு இறங்கியதில் ஆச்சிக்கு வருத்தம். வந்தபின் ஒரு வருஷத்துக்குள் காய்ச்சல் என்றால், "கானா போய்வந்தேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.