‘கால் செக்கப்’ பேக்கேஜ்: எதற்குக் காசு வாங்குகிறார்கள்?

சென்னை லேப்களிலும் சுகர் கிளினிக்குகளிலும் இந்த ஒரே பெயரில் இரண்டு வேறு சோதனைகள் நடக்கின்றன. பாதத்தில் அதிரும் முனையை வைத்து “தெரியுதா?” என்று கேட்டால் அது பயோதீசியோமெட்ரி. நரம்பைத்தான் சோதிக்கும், ரத்தக்குழாய் அடைப்பு அதில் தெரியாது. அதற்கு வேண்டியது ஏபிஐ, அதாவது கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரோடு ஒப்பிடும் சோதனை. பில் போடுமுன்பே எது என்று கேட்டுவிடுங்கள்.

ஏபிஐ கணக்கு எளிது. இரு கைகளிலும் சிஸ்டாலிக் பிரஷர் (பிரஷரின் மேல் எண்) எடுத்து, அதில் அதிகமானதால் கணுக்கால் பிரஷரை வகுப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் 0.70. 1.00 முதல் 1.40 வரை இயல்பு, 0.90 அல்லது அதற்குக் கீழே போனால் அடைப்பு.

சொதப்புவது அளவெடுப்பதில்தான். படியேறி வந்தவரை 5 முதல் 10 நிமிடமாவது படுக்கவைக்காமல் எடுத்தால் எண் மாறும். ஒரு கையில் மட்டும் எடுப்பது அதைவிட மோசம்: அந்தக் கையின் குழாயே சுருங்கியிருந்தால் கால் நன்றாக இருப்பதுபோல் ரிப்போர்ட் வரும். நாள்பட்ட சுகர்காரர்கள் சிலருக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்து, பிரஷர் பட்டை (கஃப்) அழுத்தினாலும் அமுங்காது, எண் பொய்யாக ஏறும். 1.40-ஐத் தாண்டினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. கால்விரல் பிரஷர் பார்க்க வேண்டும். அந்த வசதி உண்டா என்று சுகர்காரர் பணம் கட்டுமுன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

நல்ல சென்டர் மெஷினைத் தொடுமுன் கேள்வி கேட்கும். மெரினாவில் நடக்கும்போது ஏறக்குறைய அதே தூரத்தில் கெண்டைக்கால் பிடித்து, சும்மா நின்றாலே சில நிமிடத்தில் விட்டுவிடுகிறதா? அடைப்பாக இருக்கலாம். உட்கார்ந்தால் அல்லது முன்னே குனிந்தால்தான் விடுகிறது என்றால் முதுகுத்தண்டைச் சந்தேகிக்கலாம். இரவில் பாதம் எரிந்து, கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் சுகமா? நோய் முற்றியிருக்கிறது. முடி உதிர்ந்து பளபளக்கும் தோல், ஆறாத விரல் புண் இரண்டையும் சாக்ஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தூக்கினால் வெளுத்து, தொங்கவிட்டால் சிவக்கும் பாதத்தை ‘நல்ல ரத்த ஓட்டம்’ என்று சொல்பவர்களும் உண்டு, உண்மை நேர்மாறு.

ரிப்போர்ட்டோடு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸையும் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். அது சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்) வீக்கத்துக்கு. தமனி (ரத்தத்தைக் காலுக்குக் கொண்டுவரும் குழாய்) அடைத்த காலில் உள்ள கொஞ்ச ஓட்டத்தையும் நெரிக்கும்.

நடந்தால் கால் வலிப்பவருக்கும், 50 தாண்டிய புகைப்பவர், சுகர்காரருக்கும் ஏபிஐ காசுக்குத் தகுந்த சோதனை. தொந்தரவே இல்லாத இளைஞருக்குத் தேவையில்லை. கால் திடீரென வலித்து, சில்லிட்டு வெளுத்து மரத்துப்போனால் பேக்கேஜ் புக் செய்யாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சில மணி நேரத்தில் காலே போய்விடலாம்.