பெரியப்பாவைத் தரையில் இறக்கிய மெத்தை: நான்கு கோடைகள், ஐந்து ஒட்டுகள்

வேலூரில் வீடு இருந்தால் விருந்தாளிகளுக்குப் பஞ்சமே இருக்காது. “நாளைக் காலை சி.எம்.சி.யில் டாக்டரைப் பார்க்க வேண்டும், இன்றிரவு உங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாமா?” என்று மாதத்துக்கு இரண்டு ஃபோனாவது வந்துவிடும். சத்துவாச்சாரியில் எங்களுக்கு இருப்பது இரண்டு அறை. இன்னொரு கட்டில் போட இடமில்லை. பாயில் படுக்க வைத்தால் முதுகுவலிக்காரர்கள் இரவெல்லாம் முனகுகிறார்கள். அதனால் 2021 டிசம்பரில் இருவர் படுக்கும் காற்று மெத்தை ஒன்றை வாங்கினேன். மேற்பரப்பு வெல்வெட் போல இருக்கும், மற்றபடி முழுக்க பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக். விலை 2,300 ரூபாய், பம்ப் தனி. இதுவரை நான்கு கோடைகளைப் பார்த்துவிட்டது. உடம்பில் ஐந்து ஒட்டுகள்.

முதல் புகார் 2022 மே மாதம் வந்தது. அரக்கோணத்துப் பெரியப்பா மொட்டை மாடியில்தான் படுப்பேன் என்றார். மாலை ஆறு மணிக்கே மெத்தையை மாடிக்குக் கொண்டுபோய், தட்டினால் தவில் போல ஒலிக்கும் அளவுக்குக் காற்றடித்து வைத்தேன். விடியற்காலையில் போய்ப் பார்த்தால், பல்லாங்குழியில் விழுந்த புளியங்கொட்டை மாதிரி நடுக்குழியில் கிடக்கிறார். “ஓட்டை மெத்தையை என் தலையில் கட்டிவிட்டாயே அம்மா” என்று காபி குடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று முழுக்கத் தேடினேன். ஓட்டையே இல்லை! பிறகுதான் புரிந்தது. மாலையில் மாடித் தளம் அடுப்புக்கல் போலக் கொதிக்கிறது. அப்போது 38 டிகிரியில் அடைத்த காற்று, விடியலில் 27 டிகிரிக்கு இறங்கும்போது ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றரை பங்கு சுருங்கிவிடும். கேட்கச் சின்னக் கணக்குதான். ஆனால் இந்த மெத்தைக்குள் இருக்கும் அழுத்தமே வெளிக்காற்றைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் என்பதால், அந்த மூன்றரை பங்கு போனாலே முதுகு தரையைத் தொட்டுவிடும். போதாக்குறைக்குப் புது பி.வி.சி. முதல் சில நாட்கள் நீண்டு கொடுக்கும். அதனால் மாடியில் படுப்பவர்களுக்கு இப்போது இரவு பத்து மணிக்குத்தான் மறுபடி காற்றடித்து முடிக்கிறேன். புகார்களில் பாதி அதிலேயே நின்றுபோயிற்று.

ஓட்டை இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், வீட்டுக்குள் விரித்துக் காற்றடித்து, யாரையும் படுக்கவிடாமல், மறுநாள் அதே நேரத்தில் அழுத்திப் பாருங்கள். வெயில் நேரத்தில் நிரப்பி விடியலில் பார்ப்பது சோதனை ஆகாது.

உண்மையான ஓட்டை 2023இல் வந்தது. பாலாற்றுப் பக்கம் நடந்துவிட்டு வரும் என் கணவரின் செருப்பில் சீமைக் கருவேல முள் இல்லாத நாளே கிடையாது. அதில் ஒன்று கூடத்தில் உதிர்ந்து கிடந்திருக்கிறது. பெருக்காமல் மெத்தையை விரித்தது யார் என்ற விவாதத்துக்குள் நான் போக விரும்பவில்லை.

தேடும் வித்தையை எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டேன். டியூபைத் தண்ணீர்த் தட்டில் முக்கிக் குமிழி பார்க்கிறாரே, அதே வேலைதானே என்று நினைத்தேன். அவர் சிரித்தார். “டியூப் என்றால் முக்கலாம். இதை எங்கே அம்மா முக்குவீர்கள்? முதலில் வால்வைப் பாருங்கள்” என்றார். வீட்டுக்கு வந்து வால்வுக் குழிக்குள் சோப்புத் தண்ணீரை ஊற்றினேன். நுரைக்கவில்லை, அது சரியாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது எவ்வளவு நல்ல யோசனை என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. அப்போது காற்று இறங்கியதற்குக் காரணம், வால்வின் மெல்லிய மடலுக்கடியில் சிக்கியிருந்த ஒரே ஒரு தலைமுடி. தண்ணீரில் கழுவி உலர்த்தினேன், தீர்ந்தது.

முள் குத்திய ஓட்டைக்கு ஒரு முழு மாலை ஆயிற்று. மின்விசிறி, டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மெத்தையைப் பன்னிரண்டு கட்டங்களாகச் சுண்ணக்கட்டியால் பிரித்துக்கொண்டேன். ஒவ்வொரு கட்டமாக முழங்காலால் அழுத்தி, ஈரமாக்கிய கன்னத்தை அருகில் கொண்டுபோனேன். கன்னத்துக்குத் தெரிகிற குளிர்ச்சி விரலுக்குத் தெரிவதில்லை. ஏழாவது கட்டத்தில், அடிப்பக்கம், ஊசிமுனை அளவுக்கு ஒரு ஜில்லென்ற கோடு. அங்கே சோப்புத் தண்ணீரைத் தடவினேன். ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு கடுகளவு குமிழி ஒன்று எழுந்து, மிளகளவாகி, வெடித்து, அதே இடத்தில் மறுபடி எழுந்தது. பேனாவால் சுற்றி வட்டம் போட்ட பிறகுதான் சோப்பைத் துடைத்தேன். முதலில் துடைத்திருந்தால் ஏழாவது கட்டத்தை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

வெல்வெட் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் இந்த வித்தை தடுமாறும். சோப்புத் தண்ணீரை அந்த ரோமம் குடித்துக்கொண்டு எங்கு பார்த்தாலும் நுரைக்கும். அங்கே கன்னமும் காதும்தான் துணை. அடுத்த முறை வாங்கினால் வெல்வெட் இல்லாததைத்தான் வாங்குவேன்.

கண்டுபிடித்தது பாதி வேலை. ஒட்டுவதில்தான் நான் இரண்டு தடவை தோற்றேன். முதலில் சைக்கிள் டியூபுக்குப் போடும் சொல்யூஷனும் ரப்பர் ஒட்டும். அருமையாகப் பிடித்தது, இரண்டே மாதத்தில் மொத்தமாக வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. இரண்டாவதாக நொடியில் ஒட்டும் சொட்டுப் பசை. அது காய்ந்து கண்ணாடி போல இறுகியது. யாரோ திரும்பிப் படுத்ததும் படக்கென்று விரிசல் விட்டது. மெத்தை வளைகிறது, பசை வளைய மறுக்கிறது.

விடை கிடைத்தது ஆம்பூரிலிருந்து. என் தம்பி முறையாகும் ஒருவன் அங்கே ஷூ தொழிற்சாலையில் அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தவன் கழன்ற ஒட்டைத் தொட்டுப் பார்த்து, “அக்கா, இது ஒட்டவே ஒட்டாது” என்றான். பி.வி.சி. மிருதுவாக இருக்க அதில் ஒரு எண்ணெய்ப் பொருளைச் சேர்க்கிறார்களாம். அது மெல்லமெல்ல வெளியே கசிந்து, ரப்பர் வகைப் பசையை வெல்லப்பாகு போல இளக்கிவிடும். அதனால்தான் ஷூவிலும் பி.வி.சி. அடிப்பாகத்துக்கு ரப்பர் வகை மஞ்சள் பசையைத் தொடாமல், பி.யூ. என்கிற பாலியூரித்தேன் பசையைப் போடுகிறார்கள். தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர்களுக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் இருந்துகொண்டு இதைத் தெரிந்துகொள்ளாமல் போனேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அவன் செய்து காட்டிய விதம் இது. காற்றை முழுவதும் வெளியேற்றி, மெத்தையைச் சமதளத்தில் விரித்தான். ஓட்டையைச் சுற்றி ஸ்பிரிட் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்தான். ஒட்டுக்கு, கிழிந்துபோன என் மகனின் நீச்சல் வளையத்திலிருந்து ஒரு வட்டம் வெட்டினான், அதுவும் பி.வி.சி.தான். ஓட்டைக்கு எல்லாப் பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும், மூலை இருக்கக் கூடாது, மூலையிலிருந்துதான் உரியத் தொடங்கும் என்றான். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பசை. பிறகு உடனே ஒட்ட விடவில்லை. நான் கை நீட்டியபோதெல்லாம் தட்டிவிட்டான். பத்து நிமிடம் கழித்து, தொட்டால் கையில் வராத பதத்தில், தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினான். அந்தப் பசைக்குச் சுமார் 60 டிகிரியில்தான் உயிர் வருமாம். பிறகு ஒட்டி, சப்பாத்திக் கட்டையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உருட்டி, அம்மிக் குழவியைத் தூக்கி மேலே வைத்தான். ஒரு நாள் முழுக்கக் காற்றடிக்கக் கூடாது. ஒரு எச்சரிக்கை: ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். அந்த வாடையில் எனக்கு மாலைவரை தலைவலி.

அப்படிப் போட்ட ஐந்தில் நான்கு இன்னும் அசையவில்லை. ஐந்தாவது, ஓரத் தையல் போல இரண்டு தாள்கள் சேரும் வரப்பில் போட்டது. வரப்பின் மேடு பள்ளத்துக்கடியில் ஒரு சந்து எப்போதும் இருக்கிறது. அங்கே ஒட்டைவிட, பசையையே வரப்புக்குள் தள்ளித் தேய்த்தது ஓரளவு உதவியது. இன்றும் இரவுக்கு ஒரு பிடி காற்றாவது அந்த வழியில் போகிறது.

என் அனுபவத்தைக் கேள்விப்பட்டு, படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்கு வாங்கிய ஏர் பெட்டில் காற்று கசிகிறது, ஒட்டித் தர முடியுமா என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார். படுக்கைப் புண் வராமலிருக்க மோட்டார் வைத்து மாறிமாறி உப்பும் மெத்தை அது. அதில் சில வகைகளில் உடம்புக்குக் காற்றோட்டம் கிடைக்க, நுண்ணிய துளைகளை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். நல்லவேளையாக நான் கை வைக்கவில்லை. அவர்கள் வீட்டில் கழன்றிருந்தது மோட்டாரிலிருந்து வரும் குழாய் மட்டும்தான்.

கைக்குழந்தையை எந்தக் காற்று மெத்தையிலும் படுக்க வைக்காதீர்கள். முகம் புதைந்தால் மூச்சு முட்டிவிடும். தங்க வருகிறவர்களிடம் இதை நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஏப்ரலிலிருந்து தலைமாட்டில் ஒரு திமில் எழுந்திருக்கிறது. மேல்தாளையும் அடித்தாளையும் உள்ளே பிடித்துவைத்திருக்கும் பட்டை ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இதற்கு ஒட்டு கிடையாது, உள்ளே கைவிட வழியில்லை. ஆம்பூர்க்காரனும் உதட்டைப் பிதுக்கிவிட்டான். தூக்கிப் போடு என்கிறார் கணவர். பெரியப்பாவுக்கு மட்டும் அது பிடித்துவிட்டது. தலையணை கேட்காமல், திமிலின் மேல் தலையை வைத்துக் குறட்டை விடுகிறார். அடுத்த பரிசோதனைக்குப் பதினெட்டாம் தேதி வருகிறாராம். நேற்றே கூடத்தைப் பெருக்கி, கணவரின் செருப்பை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டேன்.