வீட்டுக்கு நர்ஸ் அனுப்புகிறோம் என்று முன்பணம் கேட்பவர்கள்: கோத்தகிரியிலிருந்து ஓர் எச்சரிக்கை

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவையில் ஏதோ ஒரு வார்டில், "நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்று கேட்டதும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களும் தயவுசெய்து படியுங்கள். ஹோம் நர்ஸ் அனுப்பும் நிறுவனம் ஒன்றிடம் 37,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. பதினேழே நாளில் என் அம்மாவின் உயிர் போகப் பார்த்தது. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்கிற முறையைச் சொல்கிறேன். வேறு பெயரில் வந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

அம்மாவுக்கு 71 வயது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். நவம்பரில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நான் எழுந்தபோது கட்டிலில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது, பேச்சு இல்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அம்மாவுக்கு இரவில் எப்போது தொடங்கியது என்பதே தெரியவில்லை. கோவையில் பன்னிரண்டு நாள் இருந்தோம். உயிர் பிழைத்தார், வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன. மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் இரண்டோடும்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் மாலை, நேர்த்தியாக உடுத்திய ஒருவர் கட்டிலருகே வந்தார். அம்மாவின் பெயரும் நோயும் அவருக்குத் தெரிந்திருந்தன. "மலைக்குப் போகிறீர்கள், அங்கே ஆள் கிடைக்காது சார். பயிற்சி பெற்ற நர்ஸ், இருபத்துநான்கு மணி நேரமும் வீட்டிலேயே தங்குவார். மேலே ஒரு சீனியர் நர்ஸ் போனில் எப்போதும் இருப்பார்" என்றார். அந்த நேரத்தில் அது தெய்வ வாக்காகவே கேட்டது. பதிவுக் கட்டணம் 3,000, வைப்புத் தொகை 10,000, ஒரு மாதச் சம்பளம் முன்பணமாக 24,000. மருந்துக் கடைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில், எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை மூன்று வாரம் கழித்துத்தான் படித்தேன். கட்டில் எண்ணையும் நோயையும் அவருக்கு யார் சொன்னார்கள் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள். நோயாளியைப் பற்றிய விவரம் வார்டை விட்டு வெளியே போவதே தவறு.

வந்தது பத்தொன்பது வயதுப் பெண். வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு பை. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் மலையேறி வந்ததில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். டிசம்பரில் கோத்தகிரிக்கு வருகிறவளிடம் ஒரு ஸ்வெட்டர்கூட இல்லை. என் மனைவி தன்னுடையதைக் கொடுத்தாள். அவள் மேல் எனக்கு இன்றும் கோபம் கிடையாது. முந்தைய வாரம் வரை திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்தவள். நான்கு நாள் ஓர் அறையில் உட்கார வைத்து டயபர் மாற்றவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் கட்டிய 24,000 ரூபாயில் அவளுக்குப் பேசியிருந்தது 9,000. இதெல்லாம் பின்னால் அவளே அழுதுகொண்டு சொன்னது.

முதல் வாரம் எல்லாம் சரியாகவே தெரிந்தது. நிறுவனம் கொடுத்த நோட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்ததற்கு டிக் போட்டிருக்கும். நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன். கட்டம் நிறைந்திருந்தால் மனம் நிறைந்துவிடும். பத்தாவது நாள் இரவு ஒன்பது மணிக்கு எதற்கோ அந்த நோட்டைப் புரட்டினேன். மறுநாள் காலை ஆறு மணிக் கட்டத்தில் டிக் இருந்தது. நள்ளிரவு, இரண்டு மணி, நான்கு மணி, எல்லாவற்றுக்கும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். "கட்டம் காலியாக இருந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் அண்ணா" என்றாள்.

அம்மாவைத் திருப்பிப் பார்த்தோம். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. அதன்மேல் பவுடர் அப்பியிருந்தது. சிவந்த இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் தேய்க்கச் சொல்லி அந்த 'சீனியர் நர்ஸ்' போனில் சொல்லியிருக்கிறார். தேய்க்கவே கூடாது. சிவப்பின்மேல் விரலை அழுத்தி எடுக்கும்போது ஒரு நொடி வெளுத்து மீண்டும் சிவந்தால் ரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது; வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அதுவே படுக்கைப் புண்ணின் முதல் படி. அந்த இடத்தில் உடலின் பாரம் படாமல் உடனே ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். இதைக் கோத்தகிரி அரசு மருத்துவமனையில் ஒரு சிஸ்டர் என் விரலைப் பிடித்து அம்மாவின் குதிகாலில் வைத்துக் காட்டினார். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்வதையும் அவரே சொல்லிக் கொடுத்தார். காற்றுப் படுக்கை வாங்கிவிட்டோம் என்று திருப்பாமல் விடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொண்டேன். பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை இவை. கோவையில் பன்னிரண்டு நாள் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அங்கேயே கேட்டிருக்கலாம்.

உடனே அந்தப் பெண்ணை மாற்றச் சொல்லி நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "ஒரு வாரம் பொறுங்கள் சார், பண்டிகைக் காலம்" என்றார்கள். அந்த ஒரு வாரத்தின் கடைசி இரவில்தான் அது நடந்தது.

தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் உறைபனி கொட்டிய வாரம். எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை என்றாலும் தரை காலைக் கடித்தது. பாட்டிக்குக் கை ஜில்லென்றிருக்கிறதே என்று அந்தப் பெண் நடையில் இருந்த கரி அடுப்பை மூட்டி, புகை அடங்கிக் கரி செந்தணலாக ஆனதும் அறைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். ஜன்னல் இடுக்கில் குளிர் வருகிறது என்று பழைய துணியை அடைத்து, கதவையும் சாத்திவிட்டாள். புகை இல்லையே, என்ன ஆகும் என்று நினைத்திருக்கிறாள். மலையில் பிறந்த எங்களுக்கு அதன் ஆபத்து தெரியும். சமவெளியிலிருந்து வந்தவளுக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. குளிரூருக்கு ஆள் அனுப்பும் நிறுவனமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்கரை மணிக்கு அவள் கதவைத் திறந்துகொண்டு தள்ளாடி வந்து, தலை வெடிக்கிறது என்று சொல்லிவிட்டு வாந்தி எடுத்தாள். உள்ளே போனால் அம்மா எழுப்பியும் கண் திறக்கவில்லை. அவளே நடுங்கும் கையோடு அம்மாவின் விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டி, அந்த இருபத்துநான்கு மணி நேரப் போன் எண்ணை அழைத்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "ஆக்ஸிஜன் எவ்வளவு?" "98." "அப்படியானால் ஒன்றுமில்லை. பனிக்குத் தூக்கம் அதிகமாக இருக்கும். உனக்குப் பித்தம், மாத்திரை போட்டுக்கொள்."

அந்த 98-ஐ நம்பியிருந்தால் இன்று அம்மா இல்லை. கரித் தணலிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விஷம் ஏறிய ரத்தத்துக்கும் 98 என்றே காட்டும். ஒரே அறையில் படுத்த இருவருக்கும் ஒரே நேரத்தில் எப்படி உடம்பு கெடும் என்ற கேள்விதான் என் மனைவியை உலுக்கியது. அவள்தான் துணியைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தாள். அம்மாவைப் போர்வையோடு தூக்கி நடைக்குக் கொண்டுவந்து 108-க்குப் போன் செய்தோம். மருத்துவமனையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ரூமில் கரி போட்டீர்களா?" உடனே முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார். இந்த விஷம் சாதாரணக் காற்றில் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம் போதும் என்றார். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி, இருவரையும் இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த அந்த 700 படுக்கை மருத்துவமனை இல்லாவிட்டால், அந்த நிலையில் அம்மாவை மறுபடியும் கோவைக்கு இறக்க வேண்டியிருந்திருக்கும். முதல் நாள் மதியம் கண் திறந்த அம்மா என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நிறுவனத்தின் பதில் என்ன தெரியுமா? "எங்கள் பணியாளருக்கு உங்கள் வீட்டில் பாதுகாப்பு இல்லை, ஒப்பந்தம் முடிந்தது." மறுநாளே அந்தப் பெண்ணை வேறு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவள் போகாமல் ஊருக்கே திரும்பிவிட்டாள். பஸ் டிக்கெட் நாங்கள் எடுத்துக் கொடுத்தோம்.

இனி ஆள் வைக்க நினைப்பவர்கள் கேட்க வேண்டியது இது. நர்ஸ் என்று சொன்னால், தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் மன்றத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று வருட டிப்ளமோவோ நான்கு வருடப் பட்டமோ படித்து, பதிவு எண் வாங்கியவர்தான் நர்ஸ். வெள்ளைக் கோட்டுக்குப் பதிவு எண் கிடையாது. மற்றவர்கள் உதவியாளர்கள். உதவியாளர் வைப்பது தவறில்லை. குளிப்பாட்ட, திருப்ப, உடை மாற்ற நல்ல உதவியாளர் போதும். அதற்கு நர்ஸ் சம்பளம் கேட்பதும், குழாய் மாற்றுவதையும் ஊசி போடுவதையும் அவர் கையில் விடுவதும்தான் தவறு. வருகிறவரின் சம்பளம் எவ்வளவு என்று நிறுவனத்தின் முன்னிலையிலேயே அவரிடம் கேளுங்கள். முகம் மாறுவது தெரிந்துவிடும். ஒரு மாத முன்பணம் கொடுக்காதீர்கள், வாரக் கணக்கில் கொடுங்கள். மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். இந்த இரண்டையும் முதல் நாளே அவர் செய்கிறாரா என்று பாருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவள் அம்மாவைத் திருப்பும்போதெல்லாம் பையைக் கட்டில்மேல் தூக்கி வைத்தாள். அது தவறென்று எனக்கும் தெரியாது.

இன்னொன்று, இதை அறியாமல் 37,000 ரூபாயைத் தூக்கிக் கொடுத்தேனே என்று வயிறு எரிகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் காட்டிப் பதிவு செய்தால் போதும். நாள் முழுவதும் உட்கார ஆள் தரமாட்டார்கள். ஆனால் புண்ணைச் சுத்தம் செய்யவும் கை கால் பயிற்சி தரவும் உரிய படிப்புப் படித்தவர்கள் வருவார்கள். இப்போது பகலில் பக்கத்து லைனில் இருக்கும் அக்கா ஒருவர் சம்பளத்துக்கு வந்து பார்த்துக்கொள்கிறார், இரவு நானும் மனைவியும் மாறி மாறி எழுகிறோம். மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். புண் மிளகளவுக்குச் சுருங்கிவிட்டது.

பணத்துக்காக முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். நிறுவனம் 9,000 ரூபாய் தருகிறோம், எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றது. மறுத்துவிட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அலுவலகம் கோவையில் இருந்தாலும் வழக்கு ஊட்டியில் நடக்கும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். ரசீது, படிவத்தின் இரண்டு பக்கங்கள், முன்கூட்டியே டிக் போட்ட அந்த நோட்டு, புண்ணின் படங்கள், இரண்டு மருத்துவமனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

மருந்துக் கடை பெஞ்சில் வைத்து இதே போலக் கையெழுத்து வாங்கப்பட்ட குடும்பங்கள் மலையில் வேறு இருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படி இருந்தால் படிவத்தையும் பணம் அனுப்பிய விவரத்தையும் பத்திரப்படுத்தி வைத்துவிட்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள். ஒரே விதமாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது.