கொரோலா 110க்கு எந்தக் கியர் ஒயில்: இரண்டரை வருடம் ஓடிய பிறகு

போன கிழமை கோப்பாயிலிருந்து மச்சான் போன் எடுத்தான். ஒரு கொரோலா 110 வாங்கியிருக்கிறானாம், மனுவல் கியர். "கியர் ஒயில் மாத்தப் போறன், என்ன போடுறது?" என்று கேட்டான். ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய பதில். நான் முக்கால் மணித்தியாலம் கதைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப என்னடா போடுறது?" என்று திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினான். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இனி யார் கேட்டாலும் இதை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம்.

காரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, 110ஐத் தெரியாதவர் யாழ்ப்பாணத்தில் குறைவு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு பழைய கார்களுக்கெல்லாம் காணி விலை வந்த காலத்தில், 2021இல், நான் என்னுடையதை வாங்கினேன். கொடுத்த காசைச் சொன்னால் அம்மா இன்றைக்கும் ஏசுவார். மற்றபடி காரில் குறை இல்லை. குறை எல்லாம் 2023இல் கிளச் பிளேட் மாற்றிய பிறகு வந்தது.

கிளச் வேலைக்குக் கியர் பொக்ஸைக் கழற்றினார்கள். திரும்பப் பூட்டியபோது புது ஒயில் விட்டார்கள், பில்லில் அதுவும் இருந்தது. அடுத்த நாள் காலை வெள்ளன காரை எடுத்தேன். ஒழுங்கை முடிந்து றோட்டில் ஏறி, முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போட்டேன். கர்ர்ர். தேங்காய் திருவும்போது பூ முடிந்து திருவலைப் பல் சிரட்டையில் படுமே, அதே சத்தம். பத்து நிமிடம் ஓடி பொக்ஸ் சூடானதும் சத்தம் போய்விடும். அடுத்த நாள் காலையில் அதே இடத்தில் மறுபடியும் சிரட்டை.

முதல் இரண்டு மாதம் என் காலில்தான் பிழை என்று நினைத்தேன். மனைவியும் "கிளச்சை வடிவா மிதியுங்கோவன்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன்: கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, காலை விட்டு, திரும்ப மிதித்து இரண்டுக்குப் போடுவது. சத்தம் வராது. அப்பா மொறிஸ் மைனர் ஓட்டிய காலத்தில் இப்படிக் காலைப் பாவித்தார். அந்தக் காரின் முதல் கியருக்குச் சின்க்ரோ, அதாவது கியர் சத்தமில்லாமல் விழ உதவுகிற வளையம், கிடையாது, ஓடும்போது அதற்குப் போட வேண்டுமென்றால் வித்தை தெரிந்திருக்க வேண்டும். தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது, கார்பரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டிய கார் அது. அப்படிப்பட்ட காருக்கே இன்ன பெட்டிக்கு இன்ன எண்ணெய் என்று கணக்கு இருந்தது. கியர் பொக்ஸுக்கு எஞ்சினுக்கு விடுகிற அதே முப்பதாம் நம்பர் ஒயில், பின் அச்சுக்குத் தொண்ணூறு. இரண்டையும் மாற்றி விட்டுவிட்டு அப்பாவிடம் தப்பியிருக்க முடியாது.

சரி, கராஜுக்குத் திரும்பப் போனேன்.

"அண்ணை, அண்டைக்கு என்ன ஒயில் விட்டனீங்கள்?"

"நல்ல சாமான் தம்பி. ஜிஎல் அஞ்சு. மற்றது நாலு. நாலிலும் அஞ்சு கூடினதுதானே?"

வெறும் போத்தலையும் எடுத்துக் காட்டினார். 80டபிள்யூ-90, ஜிஎல்-5. மனுசன் ஏமாற்றவில்லை. மலிந்ததை விட்டுவிட்டு நல்லது என்று சொல்லவும் இல்லை. நாலைவிட ஐந்து பெரிது என்று உண்மையாகவே நம்பி, விலை கூடியதைத்தான் விட்டிருக்கிறார். கோபப்படவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றேன்.

ஜிஎல் என்பது கியர் ஒயிலின் வகைக் குறி. இந்த நாலும் ஐந்தும் பரீட்சைப் புள்ளிகள் இல்லை, வேறு வேறு வேலைக்கான எண்ணெய்கள். ஜிஎல்-5 முதலில் பின் அச்சுக்குள் இருக்கும் ஹைப்பொயிட் பல்லுகளை நினைத்துச் செய்தது. அங்கே பல்லும் பல்லும் பயங்கர அழுத்தத்தோடு உரசிச் சறுக்கும். அதைத் தாங்கக் கந்தகமும் பொஸ்பரசும் சேர்ந்த மருந்தை நாலில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சேர்ப்பார்கள். கை கியர் பொக்ஸுக்குள் நிலைமை வேறு. அங்கே சின்க்ரோ என்று ஒரு பித்தளை வளையம் இருக்கிறது. நாம் இரண்டுக்குத் தள்ளும்போது அந்த வளையம் கியரின் கூம்பில் போய் உரசி, பிரேக் மாதிரிப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும். பிறகுதான் பல்லுக்குள் பல் சத்தமில்லாமல் நுழையும். அதாவது பல்லில் வழுக்க வேண்டும், வளையத்தில் பிடிக்க வேண்டும், இரண்டையும் செய்ய வேண்டியது ஒரே எண்ணெய். அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்காது, பல்லில் பல் அடிக்கும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வேக வித்தியாசம் அதிகம் என்பதால் முதலில் கத்துவது இரண்டுதான். இன்னொரு பக்கம், பழைய வகை ஜிஎல்-5 சூட்டில் பித்தளையை அரிக்கவும் செய்யும். இப்போது வருகிற பலதில் அதற்கு மாற்று மருந்து சேர்க்கிறார்கள், ஆகவே அதை மட்டும் வைத்துப் பயமுறுத்த மாட்டேன்.

நம்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொண்ணூறு என்றதும் எஞ்சின் ஒயில் நாற்பதைவிட இரண்டு மடங்கு தடிப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. கியர் ஒயில் 90 ஏறக்குறைய எஞ்சின் ஒயில் 40, 50இன் தடிப்புத்தான். முன்னால் வரும் நம்பர் குளிரில் ஒயில் எவ்வளவு தடிக்கும் என்பதற்கு: 75டபிள்யூ என்பதை மறை 40 பாகையிலும் 80டபிள்யூ என்பதை மறை 26 பாகையிலும் சோதிப்பார்கள். மார்கழிப் பனிக்கே காதுக்குத் துணி கட்டுகிற ஊரில் இதை வைத்து என்ன செய்வது என்று நானும் சிரித்தேன். ஆனால் 75 கொஞ்சம் இளக்கமானது, காலைக் குளிர்ச்சியில் கையில் தெரிகிறது.

இனி ஒயில் தேடிய கதை. ஸ்டான்லி வீதியில் ஏறி இறங்காத கடை இல்லை. எல்லாக் கடையிலும் ஒரே கேள்வி: "தொண்ணூறோ, நூற்றி நாற்பதோ?" லான்ட் மாஸ்ரர் உழவு மெசினுக்கும் லொறிக்கும் வாங்க வருகிறவர்களுக்கு அது போதும். "ஜிஎல் நாலு இருக்கோ?" என்றால், எழுத மறந்த பரீட்சையைப் பற்றிக் கேட்டதுபோல் பார்த்தார்கள். ஒரு கடையில் நாலும் ஐந்தும் ஒரே போத்தலில் அச்சடித்த ஒன்றை நீட்டினார்கள். இரண்டும் போட்டிருந்தால் உள்ளே இருக்கும் மருந்து பெரும்பாலும் ஐந்தின் அளவுதான், வேண்டாமென்று வந்துவிட்டேன். கடைசியில் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் ஒருவரைப் பிடித்து, 75டபிள்யூ-90 ஜிஎல்-4 ஒரு லீற்றர்ப் போத்தல் இரண்டு எடுப்பித்தேன். இந்தப் பெட்டிக்கு 1.9 லீற்றர் போகும், 100 மில்லிலீற்றர் மிஞ்சும்.

மாற்றியது வீட்டு முற்றத்தில், நானே. செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று: கீழ் நட்டைத் தொட முதல், ஒயில் விடுகிற மேல் நட்டு கழருகிறதா என்று பாருங்கள். கீழே எல்லாவற்றையும் வடியவிட்ட பிறகு மேல் நட்டு இறுகிப்போய்க் கிடந்தால் கார் முற்றத்திலேயே நிற்கும். வடிந்த ஒயிலை வெள்ளைச் சோப்புப் பெட்டி மூடியில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே பொன் தூள் மாதிரி மினுக்கம். அழகாகத்தான் இருந்தது. பித்தளை வளையம் தேய்ந்த தூள் அது என்று விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. புது ஒயிலை ரியூப் வைத்து, மேல் ஓட்டை வாயால் வழிகிற வரைக்கும் விட்டேன்.

அடுத்த நாள் காலை அதே ஒழுங்கை, அதே முடக்கு. பழக்கத்தில் கால் இரண்டாம் முறை மிதிக்கப் போனது, மறித்துவிட்டு நேரே போட்டேன். சளக். அவ்வளவுதான். வெண்ணெயில் கத்தி என்றெல்லாம் எழுத மாட்டேன், பழைய அலுமாரியின் லாச்சி தன் இடத்தில் போய் இருக்கிறதே, அந்த மாதிரி. நம்பாமல் மருதனார்மடம் வரைக்கும் ஓட்டி, வேண்டுமென்றே ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இரண்டரை வருடம், இருபத்திரண்டாயிரம் கிலோமீற்றர். இன்றைக்கு வரைக்கும் சிரட்டைச் சத்தம் கேட்கவில்லை.

இங்கே நேர்மையாக இரண்டு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்ல விருப்பமில்லை. ஒன்று, 110இன் கைநூல் ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5, 75டபிள்யூ-90 என்றுதான் சொல்கிறது. ஐந்தை விட்டதில் கராஜ் அண்ணை சட்டப்படி குற்றவாளி இல்லை, 80ஐ விட்டதில் மட்டும் கொஞ்சம். இரண்டாவது, இதைக் கேட்ட என் தம்பி, அவன் படித்த பிள்ளை, "அண்ணா, நீங்கள் அஞ்சை நாலாயும் மாத்தி, 80ஐ 75ஆயும் மாத்தியிருக்கிறியள். எது வேலை செய்தது எண்டு எப்பிடித் தெரியும்?" என்றான். தெரியாதுதான். 75டபிள்யூ-90இல் ஐந்தை விட்டு ஓடிப் பார்த்தால் தெரியும். நான் பார்க்க மாட்டேன். அவனுக்கு வேண்டுமென்றால் அவன் காரில் பார்க்கட்டும்.

இப்போது ஏன் இவ்வளவு எரிச்சலோடு எழுதுகிறேன் என்றால், போன மாதம் டிரைவ் ஷாஃப்ட் ஒயில் சீல் ஒழுகத் தொடங்கியது. சீல் மாற்ற ஒயிலை இறக்க வேண்டும். திரும்ப விட அதே ஒயில் வேண்டும், அது இங்கே இல்லை. ஒன்பது நாள் காரை நிறுத்திவிட்டுச் சைக்கிளில் திரிந்தேன். கடைசியில் தம்பி கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் இரண்டு போத்தல் கொண்டுவந்தான். அதில் ஒன்றின் மூடி இளகி, அம்மாவுக்கு வாங்கிய சீலையோடு பையெல்லாம் நனைந்து, ஒரு தேத்தண்ணிக் கோப்பையளவு போய்விட்டது. கியர் ஒயில் மணம் தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. சீலையை மூன்று தரம் தோய்த்தாயிற்று, அம்மா இன்னும் அதைக் கொடியில்தான் வைத்திருக்கிறார். குறைந்த ஒயிலுக்கு, முதல் தடவை மிஞ்சிய போத்தலைத் தேடி எடுத்தேன். படலைப் பிணைச்சலுக்கு விட்டது போக அடியில் கிடந்ததைக் கவிழ்த்து, மட்டுமட்டாக ஓட்டை வாய் வரைக்கும் வந்தது.

ஆகவே மச்சான், உனக்கு என் பதில் இதுதான்: உன் பெட்டியில் சத்தம் இல்லையென்றால் மினக்கெடாதே. இங்கே கடையில் 75டபிள்யூ-90 கிடைத்தால் நாலோ ஐந்தோ வாங்கி விடு, கைநூலே சம்மதிக்கிறது. நூற்றி நாற்பதை மட்டும் தொடாதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று நினைப்பாய். சீலையை நீ வந்து தோய்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் வந்தான். சாவியைக் கொடுத்தேன். ஒழுங்கையைச் சுற்றி வந்து இறங்கி, சாவியைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"இந்த ஒயில் மிச்சம் கிடக்கோ?"

"படலையில கிடக்கு. வழிச்செடு."