ஆயுத பூஜை சமயத்தில் வெடித்திருந்த மூக்கு: மாடல் விமானங்களோடு பதினைந்து ஆண்டுகள்

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நான் கட்டிய நாட் (Gnat) என்ற சிறு போர் ஜெட்டின் பிளாஸ்டிக் மாடலில், மூக்கில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. தூசி என்று நினைத்துத் தூரிகையால் தட்டினேன். போகவில்லை. நகத்தால் வருடிப் பார்த்ததும் புரிந்துவிட்டது: உடற்பகுதியின் இரு பாதிகளும் சேரும் இடம் வெடித்து விரிந்திருந்தது. அந்த வெடிப்பில் வெள்ளையாக ஏதோ பொடிந்து நின்றது.

நாட் மூன்று சக்கரத்தில் நிற்கும் விமானம். மாடலில் மூக்குக்குள் கனம் வைக்காவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும். அதற்காகத் தூண்டில் கடையில் ஈயக் குண்டு வாங்கி, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் குழைத்து உள்ளே அடைத்திருந்தேன். அந்தப் பசையிலிருந்து அசிட்டிக் அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மூடிய கூட்டுக்குள் ஈயத்தை அது அரித்து வெள்ளை ஈயமாக, அதாவது ஈயக் கார்பனேட்டாக மாற்றும். மாறும்போது ஈயம் உப்பும். ஒன்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் உப்பி, ஒட்டிய இடத்தை உள்ளிருந்தே பிளந்துவிட்டது.

இப்படி ஒரு பாடம் எந்தப் பெட்டி விமர்சனத்திலும் கிடைக்காது. புதுக் கிட் (ஒட்டிக் கட்டும் பாகங்களின் தொகுப்பு) வந்த அன்றே பெட்டியைத் திறந்து பாகங்களைப் படம்பிடித்து மதிப்பெண் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து நானும் கற்றிருக்கிறேன். ஆனால் கட்டி முடித்து, நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் பத்து ஆண்டு நின்ற பிறகு அந்த விமானம் என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தாம்பரம் பக்கம் வீடு. சிறு வயதில் மொட்டை மாடியில் நின்று கிரண் பயிற்சி விமானங்களை எண்ணியவன். பதினைந்து ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாடல்கள் கட்டியிருக்கிறேன், பெரும்பாலும் 1/72 அளவில். ஆறடி மனிதன் ஓர் அங்குலமாக நிற்கும் அளவு அது. நிஜத்தில் 11.23 மீட்டர் இறக்கை விரிப்புள்ள ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானம், 15.6 சென்டிமீட்டராக உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். இடம் குறைந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது.

கிட் வாங்கும்போது எல்லோரும் பெட்டி ஓவியத்தைப் பார்க்கிறார்கள். நான் பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் அச்சின் வயதைப் பார்க்கிறேன். ஒரே அச்சு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் புதுப் புதுப் பெட்டிகளில் வந்துகொண்டிருக்கும். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் ஸ்பிட்ஃபயரை 1955-இல் வெளியிட்டது. அதே நிறுவனம் 2010-இல் புது அச்சில் தந்த 1/72 ஸ்பிட்ஃபயர் 'மார்க் ஒன்று' (அந்த விமானத்தின் முதல் வகை) முற்றிலும் வேறு பொருள். பழைய அச்சுகளை 'வின்டேஜ் கிளாசிக்ஸ்' என்று பெட்டியிலேயே எழுதி விற்கும் அவர்களுடைய வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. வாங்குகிறவருக்கு எதை வாங்குகிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. இப்படி எழுதாத நிறுவனங்களும் உண்டு. ஒருமுறை பளபளக்கும் புதுப் பெட்டியை நம்பி வாங்கினேன். உள்ளே பேனல் கோடுகள், அதாவது விமானத்தின் தகடுகள் சேரும் கோடுகள், பள்ளமாக இல்லாமல் மேடாக நின்றன, காக்பிட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டையும் விமானியின் தலையும் மட்டுமே இருந்தன. அதன் பிறகு ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் அச்சின் வரலாற்றைப் பார்க்காமல் ஒரு கிட்டும் வாங்கியதில்லை.

அடுத்து நான் பார்ப்பது இறக்கையும் உடலும் சேரும் இடம். ஒரு கிட்டின் தரம் அங்கேதான் வெளிப்படும். பசை தொடாமல் டேப்பால் மட்டும் பாகங்களைக் கட்டி, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தமியா நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் ஒன்றில் அந்த இடத்தில் வெளிச்சமே கசியவில்லை. புட்டி டப்பாவைத் திறக்காமலேயே விமானம் முழுவதையும் கட்டி முடித்தேன். அன்று இரவு அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், உறங்கப் போக மனம் வரவில்லை. இதற்கு நேர்மாறாக, ஒரு சிறு நிறுவனத்தின் குறைந்த எண்ணிக்கை அச்சில், இறக்கை அடியில் அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்தது. அரை மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது, 72 மடங்கு பெருக்கினால் நிஜ விமானத்தில் 36 மில்லிமீட்டர். அந்த ஓட்டைக்குள் என் கட்டைவிரல் நுழையும். புட்டி போட்டு அடைத்தால் அது காய்ந்து சுருங்கி, இரண்டு கோடைக்குப் பிறகு மீண்டும் கோடு தெரியும். அதனால் பாகங்கள் ஒட்டி வரும் ஸ்ப்ரூ சட்டத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, உடற்பகுதிக்குள் குறுக்கே முட்டுக் கொடுத்து இரு பாதிகளையும் விரித்தேன். மீதி இடைவெளியில் பிளாஸ்டிக் பட்டையை வைத்து மெல்லிய சிமென்ட்டால் கரைத்து ஒட்டினேன். எட்டு ஆண்டாகிறது, அந்த இடம் இன்னமும் ஒரே உடலாக நிற்கிறது.

பசை பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம். தமியாவின் பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பற்றவைக்கிறது. அதில் பூட்டிய எதுவும் என் அலமாரியில் விட்டுப்போகவில்லை. சூப்பர் குளூவில் ஒட்டியவை அப்படி இல்லை. உலோகப் பாகத்தைப் பிளாஸ்டிக்கோடு பிடித்துவைக்க அது வேண்டும்தான், ஆனால் வெப்பத்தில் உலோகமும் பிளாஸ்டிக்கும் வெவ்வேறு அளவில் விரிவதால் ஆறேழு கோடை தாண்டியதும் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்குகின்றன. காக்பிட்டை மூடும் கண்ணாடிக் கூரையான கேனபி அருகே சூப்பர் குளூவைக் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி கண்ணாடிப் பாகத்தில் வெண்படலமாகப் படியும். அங்கே வெள்ளைப் பசை நன்றாக வேலை செய்யும். ஈயத்தோடு மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

துணைப்பொருட்களில் எதற்குப் பணம் போடலாம் என்று இந்தப் பொழுதுபோக்கைப் புதிதாகத் தொடங்கிய என் அக்கா மகன் சென்ற மாதம் கேட்டான். "மாமா, பித்தளைத் தகடு, ரெசின் காக்பிட், உலோகக் குழல் எல்லாம் சேர்ந்து கிட் விலையைத் தாண்டுகிறதே, எதை வாங்கட்டும்?" என்றான். "உடற்பகுதியை மூடிய பிறகும் எது கண்ணுக்குத் தெரியுமோ அதை மட்டும் வாங்கு" என்று சொன்னேன். இதுதான் என் அளவுகோல். முதல் ஐந்து ஆண்டுகளில் நான் வாங்கிய, எச்சிங் முறையில் அரித்து வடித்த பித்தளைத் தகடுகளில் பாதிக்கு மேல், இன்று கேனபிக்குக் கீழே இருட்டில் கிடக்கின்றன. டார்ச் அடித்துப் பார்த்தாலும் தெரிவதில்லை. காக்பிட்டின் இடது சுவரில் வரும் த்ரோட்டில் கைப்பிடி ஒன்று, கடுகில் பாதிகூட இருக்காது. சாமணத்திலிருந்து தெறித்து மொசைக் தரையில் விழுந்துவிட்டது. விளக்குகளை அணைத்து, டார்ச்சைத் தரையோடு கிடத்தி, பக்கவாட்டு வெளிச்சத்தில் நீளும் நிழலைத் தேடினேன். ஒரு மணி நேரம் கழித்து நாற்காலிக் காலடியில் மின்னியது. எடுத்து ஒட்டினேன், கேனபியை மூடினேன், அதோடு சரி. அதன் பிறகு நானே அதைப் பார்த்ததில்லை.

ஆனால் இருக்கைப் பட்டை வேறு விஷயம். திறந்த காக்பிட்டில் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான். எடுவார்ட் நிறுவனத்தின் வண்ணம் பூசிய பட்டைகள் 1/72-இல்கூட உயிர் கொடுக்கின்றன. வண்ணம் படாமல் மறைக்க ஒட்டும் அவர்களுடைய கேனபி மாஸ்க்குகளுக்கும் கொடுத்த காசு வீண்போகவில்லை. ஸ்பிட்ஃபயர் கேனபிச் சட்டங்களைக் கையால் டேப் வெட்டி மறைத்த நாட்களை நினைத்தால் விரல் வலிக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: மாஸ்க்கை ஒட்டி மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். போலந்தின் மாஸ்டர் நிறுவனம் கடைந்து தரும் பித்தளைப் பிட்டோ குழாய் (விமானத்தின் வேகம் அளக்க நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிக் குழாய்), துப்பாக்கிக் குழல் இரண்டையும் தயங்காமல் வாங்குவேன். பிளாஸ்டிக் பிட்டோ குழாய் தூசி தட்டும்போதே முறிந்துவிடும். பித்தளை முறியாது, நேராகவே நிற்கும்.

மென்மையான வினைல் டயர் வரும் கிட்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வினைலை மிருதுவாக்கச் சேர்க்கும் பொருள் ஆண்டுக்கணக்கில் கசிந்து பாலிஸ்டைரின் சக்கரத்தை அரிக்கும். என் ஜெட் ஒன்றில் சக்கரத்தின் விளிம்பு இளகி, விமானம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இப்போது அத்தகைய டயர்களை முதல் நாளிலேயே எறிந்துவிட்டு ரெசின் சக்கரம் மாட்டிவிடுகிறேன். ரெசினில் தரை அழுத்தத்தால் டயர் லேசாகப் பிதுங்கியிருப்பதும் வடித்திருப்பார்கள், விமானத்துக்கு எடை இருப்பதாக அதுவே காட்டிவிடும்.

வண்ணம் பூசுகிறவர்கள் நம் பருவத்தை மறக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் வண்ணம் பூசினால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பளபளக்க வேண்டிய கறுப்பு, சாம்பல் பூத்துவிடும். மெதுவாக ஆவியாகும் லெவலிங் தின்னரைக் கலந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். நான் அந்த இரண்டு மாதங்களில் காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷை உறையில் போட்டுவிட்டு வெட்டி ஒட்டும் வேலையை மட்டும் செய்கிறேன். சித்திரை வெயிலில் நேர் எதிரான தொல்லை: அக்ரிலிக் வண்ணம் ஏர்பிரஷ் ஊசி நுனியிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். கம்ப்ரசரில் ஈரம் பிரிக்கும் கிண்ணம் இல்லாமல் சென்னையில் வேலை செய்ய முடியாது. ஒரு மாலை வேலையில் அதன் அடியில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது புத்தகங்களுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் முதல் செலவு இதில்தான் இருக்க வேண்டும். ஒரு நல்ல புத்தகம் பத்துக் கிட்டுக்கு உதவும். வேலியன்ட் விங்ஸ் பதிப்பகத்தின் 'ஏர்ஃப்ரேம் அண்ட் மினியேச்சர்' வரிசையை நான் அடிக்கடி எடுக்கிறேன், காரணம் ஒரு விமானத்தின் ஒவ்வொரு வகைக்கும் இடையே என்ன மாறியது என்பதைக் கோட்டுப் படங்களாகக் காட்டுகிறது. ஓஸ்பிரேயின் 'ஏர்கிராஃப்ட் ஆஃப் தி ஏசஸ்' வரிசையை விமானிகளின் கதைக்காகப் படிக்கிறேன். அதிலுள்ள வண்ணப் பக்கவாட்டுப் படங்கள் அழகானவை. ஆனால் எந்தப் புத்தகமாக இருந்தாலும் அத்தகைய படம் ஓர் ஓவியரின் முடிவு, அதற்குப் பின்னால் ஒரு புகைப்படம் இருக்கிறதா என்று தேட வேண்டும். புகைப்படத்தையும் கண்மூடி நம்ப முடியாது. போர்க்கால ஆர்த்தோகுரோமாட்டிக் கறுப்பு-வெள்ளை பிலிமில் மஞ்சளும் சிவப்பும் கறுத்து விழும், நீலம் வெளுத்து விழும். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானமோ பலமுறை மறுபடி வண்ணம் பூசப்பட்டது. சக்கரக்குழியின் நிறத்தை அங்கிருந்து எடுத்தால் தவறாகப் போகலாம்.

இதை நான் உணர்ந்தது பர்மா களத்து ஸ்பிட்ஃபயர் மார்க் எட்டு ஒன்றைக் கட்டியபோது. மார்க் எட்டு மொத்தம் 1,658 கட்டப்பட்டன, பெரும்பாலானவை பிரிட்டனுக்கு வெளியே அனுப்பப்பட்டன. இந்திய விமானப்படையின் கைக்கும் வந்தன. வால்சக்கரம் உள்ளே மடங்குவது, இறக்கையின் முன்விளிம்பில் எரிபொருள் தொட்டி என்று மார்க் ஒன்பதிலிருந்து பல வேறுபாடுகள். தென்கிழக்காசியக் களத்தில் பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தின் நடுவிலிருந்த சிவப்பை அழித்துவிட்டார்கள், ஜப்பானின் சிவப்பு வட்டம் என்று சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாதே என்பதற்காக. கருநீலமும் வெளிர்நீலமும் மட்டுமே மிஞ்சின. நான் தனியாக வாங்கிய டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) தாளில் வட்டங்கள் ஐரோப்பியக் களத்து அளவில் பெரிதாக இருந்தன. புத்தகத்தில் ஒரே ஒரு புகைப்படம், மெக்கானிக் ஒருவர் இறக்கையில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் வட்டம். அவருடைய முழங்கையோடு ஒப்பிட்டு அளந்தேன்; வட்டம் சிறியது. டெக்காலை ஒதுக்கிவிட்டு மாஸ்க் வெட்டி வண்ணத்தால் வரைந்தேன். என் அலமாரியில் அதிகத் துணைப்பொருள் சேர்ந்த விமானம் வேறு, வருகிறவர்கள் குனிந்து நின்று பார்ப்பது இதைத்தான். இதற்குள் இருப்பது கிட்டும் இருக்கைப் பட்டையும் மட்டுமே.

புத்தகத்தில் வரும் அளவு வரைபடங்களை ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள். ஒற்றை இருக்கை நாட் விமானத்தின் இறக்கை விரிப்பு 6.76 மீட்டர், 1/72 வரைபடத்தில் 9.4 சென்டிமீட்டர் வர வேண்டும். அச்சில் சுருங்கிய படங்களைப் பார்த்திருக்கிறேன்.

மூக்கு வெடித்த அந்த நாட் விமானத்துக்கு வருகிறேன். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானத்தில் நிர்மல் ஜித் சிங் செகோன் பறந்த அதே வகை. இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. அவருடைய 18-ஆவது ஸ்குவாட்ரன் 2020-இல் நம் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் எழுந்தது. அதனாலேயே இந்த மாடலைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. வெள்ளை ஈயம் நச்சு. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஒட்டிய கோட்டோடு பிளேடை விட்டு மூக்கைத் திறந்து, பொடியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். சைக்கிள் கடையில் வாங்கிய எஃகு பேரிங் குண்டுகளை எபாக்ஸியில் பதித்து மீண்டும் மூடினேன். மூக்கை மட்டும் தேய்த்து வண்ணம் பூசியாயிற்று. போட வேண்டிய எண் டெக்கால் பத்தாண்டுப் பழைய தாளில் மஞ்சளித்துக் கிடந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேற்கு ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைத்திருக்கிறேன். வெயில் அந்த மஞ்சளை மெல்ல வெளுக்கவைக்கும். மூன்று வாரமாகிறது. ஓரங்கள் வெளுத்துவிட்டன, நடுவில் இன்னும் கொஞ்சம் பாக்கி.